உட்காது விகாரமா, உட்காது வழுவா?

வணக்கம் அண்ணை,

inner ear malformation என்பதற்கு "உட்காது விகாரம்" என்று நீங்கள் போட்டதை நான் ஏற்கமாட்டேன், கோபிக்க வேண்டாம். உட்காது சரியாக அமையாமல் பிறந்து, கேட்பதற்கு உட்காதுக்குள் மின்வாயுள்ள கருவி (cochlear implant) வைக்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கான துண்டுப்பிரசுரத்தில் முதலில் நானும் அதைத்தான் எழுதினேன். வாசித்துக் காட்டியபோது ஒரு தாய், "என்ன விகாரம்? பிள்ளைக்கு வடிவான காதெல்லோ" என்றார். அவர் பார்த்தது வெளிக்காதை. போதாததற்கு, எங்கள் உயர்தர உயிரியலில் விகாரம் என்றால் மரபணுவில் வருகிற மாற்றம். அதைப் படித்த தகப்பன் இது யாருடைய பரம்பரையிலிருந்து வந்தது என்று வீட்டில் சண்டை பிடிக்கவும் கூடும்.

தம்பி சொன்ன "குறைவளர்ச்சி" பாதி சரி. கருவில் வளர்ச்சி இடையில் நின்றால், இரண்டரைச் சுற்றாவது வரவேண்டிய நத்தைச்சுருள் (உட்காதில் ஒலியை நரம்புக்குக் கொடுக்கும் cochlea) ஒன்றரையோடு நின்றுவிடும், 1791இல் மொண்டினி என்ற இத்தாலிய உடற்கூற்றறிஞர் விவரித்தது அதைத்தான். சிலருக்கு அறைகளே பிரியாமல் ஒரே குழியாகக் கிடக்கும். ஆனால் உட்காதிலிருந்து மூளைப்பக்கம் போகிற மெல்லிய எலும்புக் குழாய் அளவுக்கு மீறி அகன்ற பிள்ளைகளும் உண்டே, அகன்றதைப் போய் எப்படிக் குறை என்பது?

அதனால் நான் சொல்வது "அமைப்பு வழு". திணைவழு, பால்வழு என்று பள்ளியில் படித்த அதே வழு. அமையவேண்டியபடி அமையவில்லை என்கிறது, ஏச்சு ஒன்றும் அதில் இல்லை. கணினிக்காரரும் bug, error என்பதற்கு அதை எடுத்துக்கொண்டார்கள். நத்தைச்சுருள் வழு, குழாய் வழு என்று ஒட்டவும் இலேசு. (மின்வாய் வைப்பதை, வழுவையும் ஏற்றுக்கொள்கிற இலக்கணத்து வழுவமைதி என்போமா என்று கேட்டால் அடிக்க வருவீர்கள்.)

இது வெறும் சொல் விளையாட்டில்லை. எந்த வழு என்று சி.ரி., எம்.ஆர்.ஐ. பார்த்துத்தான் எவ்வளவு நீள மின்வாய் என்று முடிவாகும். முகநரம்பு வழமையான பாதையில் ஓடாமல் இருக்கலாம், சத்திரசிகிச்சையில் துளை போட்டவுடன் மூளையைச் சூழ்ந்த நீர் பீறிட்டு வரலாம். அதற்குப் "பீச்சல்" போதும், பெரிய சொல் தேடவேண்டாம். அந்த வழியால் மூளைக்காய்ச்சல் வரக்கூடும் என்பதால் தடுப்பூசி பற்றியும் எழுதியிருக்கிறேன். நத்தைச்சுருளோ கேள்நரம்போ அறவே இல்லாவிட்டால் இந்தக் கருவி உதவாது, மூளைத்தண்டில் வைக்கும் வேறு கருவியைப் பற்றித்தான் பேசவேண்டும். இத்தனையையும் கிளினிக்கில் "காதுக்குள்ள ஒரு பிழை" என்று முடித்துவிடுகிறார்கள். அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது!

கருவிக்கு "உள்வைப்பு" இருக்கட்டும். "பதியம்" எனக்கும் விருப்பம்தான், ஆனால் மல்லிகைப் பதியம் வேர்விடும், மின்வாய் விடாது. பிள்ளையைக் கேட்கவும் பேசவும் பழக்குவது வருடக்கணக்கான வேலை, அது தானாக முளைக்கும் என்று சனம் நினைத்துவிடக் கூடாது.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. திட்டுவதென்றால் அதற்குள் திட்டுங்கோ.