காருக்குள் கம்ப்யூட்டர்: சாவி திருப்புறதுக்குள்ள திரை வரணும்னா

காளவாசல்:

ராஸ்பெர்ரி பை 5 (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு, சுருக்கமா பை), ஏழு இன்ச் திரை, ஜிபிஎஸ், பாட்டு, ரிவர்ஸ் கேமரா, எல்லாம் ஒரு டபுள் டின் ஓட்டைக்குள்ள, அதாவது டாஷ்போர்டுல ஸ்டீரியோ உட்கார்ற இடத்துல, அடங்கணும். செஞ்சு பார்த்தவங்க அளவு, பார்ட், எங்க புட்டுக்கும் என்பதை மட்டும் எழுதுங்க. வண்டி வாங்கின கதை, மச்சான் சிரிச்ச கதையெல்லாம் வேண்டாம்.

பெட்டியில இருந்து ஆரம்பிக்கிறேன். டபுள் டின் முகப்பு 180-க்கு 100 மி.மீ. ஏழு இன்ச் 1024×600 பேனலோட வெளிச்சட்டம் ஏறக்குறைய 165-க்கு 100. அகலத்தில் இடம் இருக்கு, உயரத்தில் துளிகூட இல்லை. டச் கண்ணாடி பேனலைவிடப் பெரிசா நீட்டிக்கிட்டு நிக்கிற மாடலும் உண்டு, அதனால ஸ்கேல் வச்சு அளந்துட்டு வாங்குங்க. ஆழத்தில் ஏமாறாதீங்க: பின்னாடி ஏசி குழாய், வயர் கட்டு, பிராக்கெட் மூணும் இருக்கு. நேரா நிக்கிற எச்டிஎம்ஐ பிளக் ஒண்ணே 40 மி.மீ. தின்னுடும். வளைஞ்ச பிளக் போடுங்க. ஆனா பை 5-ல ரெண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ பக்கத்துப் பக்கத்துல இருக்கு, வளைவு எந்தப் பக்கம்னு பார்த்து வாங்கலைன்னா பவர் பிளக்கை மறைச்சிடும்.

பெட்டியை 3டி பிரிண்ட் எடுக்கிறவங்க பிஎல்ஏ பிளாஸ்டிக் பக்கமே போகாதீங்க. 60 டிகிரியிலேயே இளகிடும். அக்னி நட்சத்திரத்தில் மாட்டுத்தாவணியில கண்ணாடி ஏத்தி நிப்பாட்டின வண்டி டாஷ்போர்டு அதைச் சாதாரணமாத் தாண்டும். பெட்ஜி 80 வரை, ஏபிஎஸ், ஏஎஸ்ஏ ரெண்டும் 100 வரை நிக்கும். ஹாட் க்ளூவுக்கும் பிஎல்ஏ கதிதான், நூல் நூலா இழுத்துக்கிட்டு கனெக்டர் தொங்கும். எம்3 பித்தளை ஸ்பேசர், அதிர்வுல கழலாத நைலாக் நட். வேற எதையும் நம்பாதீங்க.

தெப்பக்குளம் வயரிங்:

அண்ணே, பெட்டி அப்புறம். இந்த வேலையில முக்கால்வாசி கரண்டுதான்.

12 வோல்ட்ங்கிறது பேருக்குத்தான். வண்டி ஓடும்போது 13.8-ல இருந்து 14.4. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பழைய பேட்டரி 7, 8-க்கு இறங்கும். ஓடுற வண்டியில பேட்டரி முனை கழண்டா ஆல்டர்னேட்டர் ஒரே அடியா 80 வோல்ட் வரைக்கும் தள்ளலாம். இதைத்தான் லோடு டம்ப்ங்கிறோம். அதனால வரிசை இது:

பேட்டரி முனையில இருந்து ஒரு சாணுக்குள்ள 5 ஆம்ப் ஃபியூஸ். பை 5 முழுசா இழுத்தா 5 வோல்ட்டுல 5 ஆம்ப், அதாவது 25 வாட். 12-ஐ 5 வோல்ட்டா மாத்துற கன்வர்ட்டர் 85 சதவீதம் திறன்னு வச்சா 12 வோல்ட் பக்கம் 2.5 ஆம்ப் கிட்ட வரும், 9 வோல்ட்டுக்கு இறங்கினா 3.3. அஞ்சு போதும். திரைக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் தனி ஃபியூஸ்.

அடுத்து திடீர் வோல்ட் அடியை உறிஞ்சுற டிவிஎஸ் டயோடு, 24 வோல்ட் ஸ்டாண்ட்-ஆஃப் (அதுவரைக்கும் சும்மா இருக்கும்). "கார்தானே, 16 போதாதா"ன்னு கேட்பாங்க. நாலுவழிச் சாலையில பேட்டரி செத்து நிக்கும்போது லாரிக்காரர் 24 வோல்ட்டுல ஜம்ப் குடுத்தா 16 வோல்ட் டயோடு அங்கேயே கருகிடும். சின்ன எஸ்எம்பிஜே வகை 600 வாட்தான், லோடு டம்ப்புக்குப் பத்தாது. எஸ்எம்8எஸ்24ஏ போடுங்க, 6,600 வாட். அது 38.9 வோல்ட்டுல பிடிச்சு நிறுத்தும். அதுக்குப் பின்னாடி நிக்கிற கன்வர்ட்டர் குறைஞ்சது 50, 60 வோல்ட் தாங்கணும். கடையில முதல்ல எடுத்து நீட்டுற எல்எம் 2596 கன்வர்ட்டர் மாடியூலுக்கு உச்சவரம்பு 40 வோல்ட், குடுக்கிறது 3 ஆம்ப். ரெண்டுமே பத்தாது.

கன்வர்ட்டரை பை பக்கத்துலயே வைங்க. 0.75 சதுர மி.மீ. வயருக்கு மீட்டருக்கு 0.023 ஓம். கால்வைக்கிற இடத்துல கன்வர்ட்டரை வச்சு ஒரு மீட்டர் வயர்ல 5 வோல்ட் கொண்டு போனா, போக வர ரெண்டு மீட்டர், 5 ஆம்புக்கு 0.23 வோல்ட் வழியிலேயே போயிடும். பிளக் தேய்மானமும் சேர்ந்தா 4.7-க்கு வந்து நிக்கும். 4.63-க்குக் கீழ போனா பை மின்னல் குறி காட்டும். 12-ஐ நீளமா ஓட்டுங்க, 5-ஐ 20 செ.மீ.க்குள்ள முடிங்க.

யுஎஸ்பி-சி வழியா பிடி (பவர் டெலிவரி) சார்ஜர் இல்லாம குடுத்தா பை 5 உங்க சப்ளையை நம்பாது. யுஎஸ்பி போர்ட் எல்லாத்துக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்புக்குமேல விடாது. கான்ஃபிக் ஃபைல்ல யுஎஸ்பி மேக்ஸ் கரண்ட் வரியை 1 ஆக்குங்க, ஈப்ராம்ல (போர்டுலயே இருக்கிற பூட் செட்டிங் சிப்) பிஎஸ்யு மேக்ஸ் கரண்டை 5000 ஆக்குங்க. சப்ளை நிஜமாவே 5 ஆம்ப் குடுக்கும்னா மட்டும்.

மேலூர்:

ஸ்டார்ட் பண்ணும்போது ரீபூட் ஆகுறதுக்கு பெரிய கெப்பாசிட்டர் போட்டா சரியாகும்ங்கிறாங்களே, 4,700 மைக்ரோ ஃபாரட் போதுமாண்ணே?

தெப்பக்குளம் வயரிங்:

கணக்குப் போட்டுப் பாருங்க தம்பி. 12-ல இருந்து 7-க்கு இறங்குறதுக்குள்ள 4,700 குடுக்கிறது கால் ஜூலுக்கும் கம்மி. 15 வாட் லோடுக்கு அது 13 மில்லி விநாடி தாங்கும். ஸ்டார்ட்டர் இழுக்குற வோல்ட் பள்ளம் 200 மில்லி விநாடி இருந்தா 70,000-க்கு மேல வேணும், டப்பா அளவுக்கு வந்துடும். அதுக்குப் பதிலா 6 வோல்ட்டுல இருந்தே வேலை செய்யுற பக்-பூஸ்ட் கன்வர்ட்டர் (வோல்ட்டை ஏத்தவும் இறக்கவும் செய்யும்) வாங்கிடுங்க. விலை கூடத்தான்.

பை மேல மாட்டுற லித்தியம் பேட்டரி போர்டும் (யுபிஎஸ் ஹேட்) வேண்டாம். அதுல இருக்கிற 18650 செல்லை 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணக் கூடாது. சித்திரை மாசத்துல டாஷ்போர்டுக்குள்ள அதுக்கு இடமே இல்லை.

பசுமலை:

பவர் வருது சரி, எப்படிப் போகணும்? இங்கதான் நிறைய பேர் எஸ்டி கார்டைச் சாகடிக்கிறாங்க.

வெளிச்சந்தை ஸ்டீரியோ ஹார்னஸ்ல (வயர் கட்டு) மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினா வர்ற ஏசிசி, கறுப்பு எர்த். கம்பெனி வயரை வெட்டாதீங்க, அந்த மாடலுக்கான கப்ளர் தனியாக் கிடைக்கும். கன்வர்ட்டருக்கு மஞ்சள், தகவலுக்கு மட்டும் சிவப்பு. சிவப்பை நேரா ஜிபிஐஓ-ல (பையோட சிக்னல் பின்கள்) குடுத்தா பை காலி, அது 3.3 வோல்ட் பின். நடுவுல பிசி 817 ஆப்டோகப்ளர் (மின்சாரம் நேரா தொடாம வெளிச்சம் வழியா சிக்னல் கடத்துற சிப்), எல்இடி பக்கம் 2.2 கிலோ ஓம், 5 மில்லி ஆம்ப் ஓடும். சாவி ஆன்ல ஜிபிஐஓ பின்னோட வோல்ட் கீழ, ஆஃப்ல மேல. கான்ஃபிக் ஃபைல்ல ஜிபிஐஓ-ஷட்டவுன் ஓவர்லே வரியில டிபௌன்ஸை (சிக்னல் இவ்வளவு நேரம் நிலைச்சாத்தான் நம்பணும்ங்கிற அளவு) 3000-ஆவது வைங்க. வழக்கமா இருக்கிறது 100 மில்லி விநாடிதான். ஸ்டார்ட்டர் சுத்தும்போது ஏசிசி தானா அறுந்து வர்ற வண்டிகள்ல, ஸ்டார்ட் பண்ணின உடனே பை படுத்துடும். ஆள் சாஃப்ட்வேரைத் திட்டிக்கிட்டு இருப்பார்.

ஷட்டவுன் ஆனாலும் மஞ்சளை அறுத்தாகணும். பை 5 படுத்த நிலையிலயும் ஒரு வாட்டுக்கு மேல தின்னும். திரை, யுஎஸ்பி ஹப் எல்லாம் சேர்ந்து 3 வாட்னா 12 வோல்ட்டுல கால் ஆம்ப். 35 ஆம்ப்-ஹவர் பேட்டரி பாதி காலியாக மூணு நாள்கூட ஆகாது. வெள்ளிக்கிழமை கொடைக்கானல் பஸ் ஏறினா திங்கக்கிழமை வண்டியைத் தள்ளணும். ஆஃப்-டிலே டைமர் ரிலே 60 விநாடிக்கு வைங்க.

மேலூர்:

டைமர் ரிலேயில ஒரு பொறி இருக்குண்ணே. பெட்ரோல் பங்க்ல ஆஃப் பண்ணி, அரை நிமிஷத்துல திரும்ப ஸ்டார்ட் பண்ணினா? பை ஏற்கெனவே படுத்துடுச்சு, ரிலே இன்னும் அறுக்கலை, ஏசிசி வந்ததும் டைமர் மறுபடி பிடிச்சுக்கும். பவர் இருக்கு, பை எழுந்திருக்காது. திரை கறுப்பாவே ஊர் வரைக்கும் வரும்.

பசுமலை:

சரியாப் பிடிச்சீங்க. அதுக்குத்தான் டைமருக்குப் பதிலா ரிலேயை ஆட்டிவைக்க ஒரு அட்டைனி 85, நாம புரோகிராம் எழுதுற குட்டி சிப். விதி ஒண்ணே ஒண்ணு: ஷட்டவுன் சொல்லியாச்சுன்னா இடையில ஏசிசி வந்தாலும் சரி, ரிலேயை ஒரு தடவை 3 விநாடி அறுத்துட்டுத்தான் மறுபடி யோசிக்கணும்.

ஒத்தக்கடை:

இனி வேகம். முதல்ல, கார் கதவைத் திறக்கும்போதே பை பூட் ஆகுறதை ஆரம்பிங்க. ரூம் லைட்டுக்குப் போற கதவு சுவிட்ச் பெரும்பாலான வண்டிகள்ல எர்த் பக்கம்தான் மாறும். அதை இன்னொரு ஆப்டோகப்ளர் வழியா அட்டைனிக்குக் குடுத்தா, உட்கார்ந்து பெல்ட் போட்டு சாவி திருப்புறதுக்குள்ள பத்துப் பன்னிரண்டு விநாடி இலவசமாக் கிடைக்கும். ரெண்டு நிமிஷத்துல ஏசிசி வரலைன்னா தூங்கப் போகச் சொல்லுங்க, இல்லைன்னா வண்டி கழுவுற அன்னிக்கு பேட்டரி போயிடும். லைட் மெதுவா மங்குற புது வண்டிகள்ல அந்த வயர்ல துடிப்பு துடிப்பா வரும், மல்டிமீட்டர் வச்சுப் பார்த்துட்டுக் கை வைங்க.

அப்புறம் சாஃப்ட்வேர். டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பு. சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் அடிச்சா எது எத்தனை விநாடி தின்னுதுன்னு வரும், ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. இணையா ஓடுறதெல்லாம் அதுல பெரிசாத் தெரியும். கிரிட்டிக்கல்-செயின் அடிச்சாத்தான் உங்க திரை யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்குதுன்னு புரியும். வழக்கமான குற்றவாளி நெட்வொர்க் மேனேஜரோட வெயிட்-ஆன்லைன் சர்வீஸ். வண்டிக்குள்ள ஏது வைஃபை, இல்லாத வலைக்காக உட்கார்ந்திருக்கும். அதை நிறுத்துங்க. மோடம் மேனேஜர், தினசரி ஆப்ட் அப்டேட் டைமர், பிரிண்டருக்கான கப்ஸ், எல்லாம் தூக்குங்க. ப்ளூடூத்தை விட்டுடுங்க, ஆனா திரை வந்த பிறகு எழும்படி தள்ளி வைங்க.

பூட் கமாண்ட் லைன் ஃபைல்ல கொயட், லாக் லெவல் 3. சீரியல் கன்சோலை எடுத்துடுங்க. இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதல்ல ஏறுற தற்காலிக ஃபைல் சிஸ்டம்) தேவையில்லைன்னா கான்ஃபிக் ஃபைல்ல அதோட ஆட்டோ வரியை 0 ஆக்குங்க. என்விஎம்இ (எஸ்எஸ்டி டிஸ்க்)-ல இருந்து பூட் பண்றவங்க ஈப்ராம் பூட் வரிசையில அதை முதல் ஆளாப் போடுங்க. இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் இல்லாத எஸ்டி கார்டைத் தேடிட்டுத்தான் இந்தப் பக்கம் வரும். அந்த வரிசையை வலமிருந்து இடமாப் படிக்கணும், பலர் திருப்பிப் போட்டு முழிப்பாங்க. பில்ட்ரூட்ங்கிற கருவியில வேணுங்கிறதை மட்டும் வச்சு சொந்தமா ஒரு லினக்ஸ் இமேஜ் கட்டினா இன்னும் குறையும், ஆனா பூட்லோடருக்கே சில விநாடி போகும். அதுல நம்ம கை நுழையாது.

எல்லாம் முடிஞ்சதும் ராஸ்பி-கான்ஃபிக்ல ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை ஆன் பண்ணுங்க. கார்டு படிக்க மட்டும், எழுத்தெல்லாம் ராம்ல. பாட்டுக்குத் தனி பார்ட்டிஷன். செட்டிங் மாத்தணும்னா ஓவர்லேயை ஆஃப் பண்ணி ரீபூட் பண்ணணும், மறந்தா மாத்தினதெல்லாம் அடுத்த ஸ்டார்ட்டுல காணாமப் போகும்.

கோரிப்பாளையம்:

ரிவர்ஸ் கேமராவை மட்டும் லினக்ஸ் கையில குடுக்காதீங்க. கியர் போட்ட நொடியில படம் வரணும், அது பூட் ஆகுற வரைக்கும் பின்னாடி நிக்கிற குழந்தை காத்திருக்காது. எச்டிஎம்ஐயோட ஏவி இன்புட்டும் ரிவர்ஸ் டிரிகர் வயரும் உள்ள திரை போர்டு வாங்குங்க. ரிவர்ஸ் லைட்டோட 12 வோல்ட்டை டிரிகருக்குக் குடுத்தா, பை செத்துக் கிடந்தாலும் படம் வரும். 2019 ஜூலைக்கு அப்புறம் வந்த கார்கள்ல ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். சில வண்டியில அந்த பீப் சத்தம் கம்பெனி ஸ்டீரியோ வழியா வரும். ஸ்டீரியோவைக் கழட்டுறதுக்கு முன்னாடி அதைச் சோதிச்சுடுங்க.

பை வேண்டாம், மினி பிசிதான்னு நினைக்கிறவங்களுக்கு: பை 5-க்கு சஸ்பெண்ட் கிடையாது, மினி பிசிக்கு உண்டு. ராம்ல தூங்க வச்சா ரெண்டு மூணு விநாடியில எழும், வேகத்தில் அதுதான் ராஜா. தூக்கத்தில் ஒரு வாட் கிட்டத் தின்னும், தினம் ஓடுற வண்டிக்குப் பரவாயில்லை. எம்4-ஏடிஎக்ஸ் மாதிரி 6-ல இருந்து 30 வோல்ட் வரை தாங்குற கார் சப்ளை போட்டா இக்னிஷன் வேலையை அதுவே பார்த்துக்கும், மேல சொன்ன அட்டைனி எல்லாம் தேவையில்லை. வாடகைக்கு ஓடுற வண்டின்னா என் ஓட்டு இதுக்குத்தான்.

அழகர்கோவில் ரோடு:

எல்லாம் மாட்டி முடிச்சு ரேடியோ போட்டா கோடைப் பண்பலையில இரைச்சல் வரும். 100.5-ல மட்டும் கர்ருனு இருக்கும், மத்த நிலையம் நல்லா எடுக்கும். ஆன்டெனாவை மாத்திப் பிரயோசனம் இல்லை. 1024×600 திரைக்குப் பிக்சல் கிளாக் (புள்ளி புள்ளியா படம் அனுப்புற வேகம்) 49-ல இருந்து 51 மெகாஹெர்ட்ஸ். அதோட ரெண்டு மடங்கு 98-ல இருந்து 102, சரியா நம்ம நிலையத்து மேல உட்காருது. திரையை மட்டும் பிடுங்கிப் பாருங்க, இரைச்சல் நின்னா அதுதான். எச்டிஎம்ஐ கேபிளோட ரெண்டு முனையிலயும் ஃபெரைட் (இரைச்சலை அடக்குற காந்த வளையம்), கேபிளை ஆன்டெனா வயரை விட்டு ஒரு சாண் தள்ளி. அப்பவும் அடங்கலைன்னா ரெஃப்ரெஷை 60-ல இருந்து 55 ஆக்குங்க, கிளாக் நகர்ந்துடும். திரை ஏத்துக்குமான்னு மட்டும் பார்க்கணும்.

ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல ஊளைச் சத்தம் ஏறினா அது வேற. எர்த் ரெண்டு இடத்துல போயிருக்கு. பை, திரை, ஆம்ப் மூணுக்கும் ஒரே போல்ட்டுல எர்த், பெயின்ட் சுரண்டி. பை 5-ல இயர்போன் துளை இல்லை, பிசிஎம் 5102 டாக் போர்டு (டிஜிட்டல் பாட்டை ஆடியோ சிக்னலா மாத்தும்) போட்டுக்கணும். டிபிஏ 3116 ஆம்ப் 12 வோல்ட்டுலயே ஓடும். ஸ்பீக்கர் மைனஸை மட்டும் பாடியில சேர்த்துடாதீங்க. இந்த ஆம்ப்ல ரெண்டு முனையும் உயிரோட இருக்கும், எர்த்ல படக் கூடாது. ஸ்பீக்கர் வயர் நிறம்: வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது அந்தந்த மைனஸ்.

மேலூர்:

இன்னொரு வயர் எல்லாரும் டேப் சுத்தி விட்டுடுறாங்க: ஆரஞ்சு. பார்க்கிங் லைட் போட்டா 12 வோல்ட் வரும். மூணாவது ஆப்டோகப்ளர் வச்சு திரை வெளிச்சத்தைக் குறைங்க. நத்தம் ரோட்டுல ராத்திரி இருட்டுல முழு வெளிச்சத் திரை கண்ணாடியில அடிச்சா, எதிர்ல குறுக்க வர்ற மாடு தெரியாது.