மறு: டிராஃபிக் காமிங் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனுப்பியவர்: காட்பாடி

அனைவருக்கும் வணக்கம்.

தெருச் சீரமைப்பு பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வார்டு கூட்டத்தில் மக்களிடம் கொடுக்கப்போவது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மற்றதை எல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். ‘டிராஃபிக் காமிங்’ மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வந்து மறிக்கிறது.

பொருள் இதுதான்: வண்டிகள் மெதுவாகப் போகும்படி தெருவின் அமைப்பையே மாற்றுவது. வண்டித்தடத்தை ஒடுக்கலாம், தெருமுனையில் நடைபாதையை முன்னே நீட்டலாம், கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தலாம், நேராக ஓடும் தெருவைக் கொஞ்சம் வளைத்துவிடலாம். போலீஸ்காரர் விசிலோடு நிற்க வேண்டாம். ஓட்டுகிறவர் கால் தானே பிரேக்குக்குப் போகும்.

‘போக்குவரத்து அமைதிப்படுத்தல்’ என்று எழுதிப் பார்த்தேன். ஹாரன் அடிக்காதே என்று சொல்வதுபோல இருக்கிறது. உதவுங்கள்.

---

அனுப்பியவர்: வாலாஜா

வேகத்தடை என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறதே அக்கா. ஊருக்கே தெரிந்த சொல். எதற்கு மெனக்கெட வேண்டும்?

---

அனுப்பியவர்: சத்துவாச்சாரி

> வேகத்தடை என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறதே

தம்பி, வேகத்தடை அதில் ஒரு கருவி, அவ்வளவுதான். நம் ஊரில் இருப்பதில் பாதி அதுவும் இல்லை. இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 என்ற விதிநூல், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தாண்டவேண்டிய மேட்டுக்கு 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் சொல்கிறது. தெருவில் நாம் பார்ப்பது நாலு தட்டு தாரைக் கொட்டி மிதித்துவிட்ட கட்டி. அகலம் ஒரு முழம், உயரம் கொட்டியவர் இஷ்டம். பெயின்ட்டும் கிடையாது.

அதன் ஓரத்தைப் போய்ப் பாருங்கள். மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் சாக்கடைப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். பைக்கில் வருகிறவர் மேட்டில் ஏறமாட்டார். கைப்பிடியைச் சற்றே ஒடித்து அந்தச் சந்துக்குள் சீறிக்கொண்டு போவார். நடக்கிறவர்களுக்கும் அந்த ஓரம்தான் மிச்சம். தடை போட்டது வண்டிக்கு. பதறி ஒதுங்குவது காய்கறிப் பையோடு வரும் அம்மா.

தடை ஓர் இடத்தில் வேலை செய்யும். தாண்டியதும் முறுக்குவார்கள். நாம் பேர் தேடும் விஷயம் தெரு நெடுக வேலை செய்கிறது. சொல்லில் அந்த வேறுபாடு வரவேண்டும்.

---

அனுப்பியவர்: வாலாஜா

சரி அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஓரச் சந்தை அடைக்கச் சொல்லாதீர்கள். நான் தினமும் ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு சைக்கிளில் போகிறவன். காலை ஷிஃப்டுக்கு என்னோடு வரும் சைக்கிள்கள் எல்லாம் அந்தச் சந்தில்தான் போகின்றன. உங்கள் மேட்டில் கார் குலுங்கும், அவ்வளவுதான். சைக்கிளில் டிபன் கேரியர் சாம்பாரோடு சாயும்.

---

அனுப்பியவர்: சத்துவாச்சாரி

நியாயம். அதற்கு இரண்டு வழி உண்டு. மேட்டின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் சைன் அலைபோல மெல்லத் தொடங்கி மெல்ல முடித்தால் சைக்கிள் குலுங்காது. அல்லது சைக்கிளுக்கு ஓரத்தில் தனித்தடம் விட்டுவிட்டு வண்டித்தடத்தில் மட்டும் மேடு போடலாம். இரண்டாவது நெதர்லாந்தில் நன்றாக நடக்கிறது. இங்கே சைக்கிள் நுழையும் இடத்தில் ஸ்கூட்டரும் நுழையும் என்பதுதான் சிக்கல். சைக்கிளை விட்டு ஸ்கூட்டரைத் தடுக்கும் அகலம் எது என்பதற்கு விடை இன்னும் யாரிடமும் கிடையாது.

---

அனுப்பியவர்: குடியாத்தம்

அன்புடையீர்,

நீங்கள் தேடும் சொல் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் வீட்டில் கிடக்கிறது: ஆற்றுப்படுத்தல்.

ஆறு என்றால் வழி. ஆற்றுப்படை என்பது வழிப்படுத்துவது. ஆறுதல் என்பது தணிதலும் ஆகும்: பால் ஆறியது, புண் ஆறியது, சினம் ஆறியது. பிறவினையில் ஆற்று. வழி என்ற பொருளும் தணித்தல் என்ற பொருளும் ஒரே சொல்லுக்குள் இப்படிச் சேர்ந்து கிடைப்பது எந்த மொழியில் உண்டு?

இலக்கியச் சான்றும் தருகிறேன். அகநானூற்றின் நான்காம் பாட்டு, குறுங்குடி மருதனார் பாடியது. வினை முடித்துத் திரும்பும் தலைவன், பூஞ்சோலையில் துணையோடு தங்கிய வண்டினம் கலங்கிவிடும் என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவைத்து வருகிறான். தேர் வைத்திருந்தவன் வண்டுக்கு அடங்கிப்போனான் என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டு வழிவிட வேண்டும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அடுத்து மனுநீதிச் சோழன்...

---

அனுப்பியவர்: வாலாஜா

ஐயா, மனுநீதிச் சோழன் வேண்டாம். அது திருவாரூர். அங்கே தேர் ஏறிய பிறகுதான் நீதி வந்தது. ஏறாமல் இருக்கத்தான் நாம் இங்கே சொல் தேடுகிறோம்.

ஆற்றுப்படுத்தல் என்றால் என் காதில் ஆற்றில் படுத்தல் என்றுதான் விழுகிறது. பாலாறு இருக்கும் இருப்பில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதையும் செய்யலாம்.

---

அனுப்பியவர்: காட்பாடி

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கவுன்சலிங்குக்கு அதை உளவியல்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘காந்தி சாலையில் ஆற்றுப்படுத்தல்’ என்று அச்சிட்டால், குடியை விடுவதற்கு முகாம் போடுகிறார்கள் என்று நினைப்பார்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து அங்கே லாட்ஜில் தங்கியிருக்கும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தாலும் உட்காருவார்கள்.

---

அனுப்பியவர்: குடியாத்தம்

பிறர் எடுத்துக்கொண்டதால் நம் சொத்து நம்முடையது இல்லை என்று ஆகிவிடுமா?

---

அனுப்பியவர்: ஆரணி

நான் வேறு ஒன்று கேட்கிறேன். டிராஃபிக் என்றதும் எல்லாரும் யோசிக்காமல் போக்குவரத்து என்று போட்டுவிடுகிறீர்கள். போக்கும் வரத்தும் யாருடையது? பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் தலையில் பூக்கூடை வைத்துப் போகும் அம்மாவும் போக்குவரத்து இல்லையா? ‘போக்குவரத்துத் தணிப்பு’ என்று எழுதினால் அவர்களையும் சேர்த்து அடக்கச் சொல்வதாக ஆகிறது. உண்மையில் வண்டியின் வேகம் குறைந்தால் நடக்கிறவரின் போக்குவரத்து கூடும். அதற்காகத்தானே இவ்வளவும்?

எங்கள் ஊர்ப் பட்டுநெசவுத் தெருக்களில் விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவு, அதாவது தறிக்கு ஏற்றும் நீளவாட்டு இழைகள், நீட்டியிருப்பார்கள். இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர், நடுவில் இழை ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேர். பைக்கில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார், இல்லை அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போவார். யாரும் சண்டை போட்டுப் பார்த்ததில்லை. தெரு முதலில் வேலைக்கும் ஆளுக்கும், வண்டி அப்புறம். இப்போது கார் நிறுத்த இடம் வேண்டும் என்று பாவு நீட்டுவது குறைந்துகொண்டே வருகிறது.

அதனால் சொல்லில் ‘போக்குவரத்து’ வரக்கூடாது. ‘வண்டி’ அல்லது ‘வேகம்’ என்று வைத்துத் தொடங்குங்கள்.

---

அனுப்பியவர்: சத்துவாச்சாரி

ஆரணி அக்கா சொன்ன பாவுத் தெருவுக்கு டச்சுக்காரர்கள் சட்டப்படியே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: வூனெர்ஃப். வூனென் என்றால் குடியிருத்தல், எர்ஃப் என்றால் வீட்டு முற்றம். 1960களின் கடைசியில் டெல்ஃப்ட் நகரத்தில் தொடங்கியது. 1976-ல் சட்டத்தில் ஏறியது. அந்தத் தெருவில் நடக்கிறவரும் விளையாடும் பிள்ளைகளும் தெரு முழுவதையும் பயன்படுத்தலாம். வண்டி அவர்களை அனுசரித்து ஊர்ந்து போக வேண்டும். அந்தப் பத்தாண்டில்தான் சாலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த கோபத்தில் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று அங்கே ஓர் இயக்கமே நடந்தது.

டிராஃபிக் காமிங்கும் ஆங்கிலத்தில் பிறந்தது இல்லை. ஜெர்மன் மொழியின் ஃபெர்கேர்ஸ்பெருயிகுங் என்பதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள். அவர்களே பெயர்த்ததை நாம் சொல்லுக்குச் சொல் மறுபடி பெயர்க்கவேண்டிய கட்டாயம் கிடையாது.

‘வேகம்’ வைக்கலாம் என்பதற்கு நானும் ஓட்டு. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்து ஏறத்தாழ 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடப்பவரும் வண்டியும் கலந்து போகும் இடங்களில் மணிக்கு 30 கி.மீ.தான் உச்சம் என்று 2020-ல் ஸ்டாக்ஹோம் மாநாட்டுப் பிரகடனம் சொன்னதும் இதனால்தான். எக்ஸ்ரே கவரும் கையுமாக ஆற்காடு சாலையைக் கடக்கிறவருக்கு நாம் கொடுக்க முடிந்த முதல் வைத்தியம் அந்த 30.

---

அனுப்பியவர்: ஆரணி

வூனெர்ஃபுக்கு வாசல்தெரு என்று வைக்கலாமே. நம் வீட்டு வாசல் படியோடு முடிவதில்லை. தண்ணீர் தெளித்துக் கோலம் போடும் இடம் வரைக்கும் வாசல்தான்.

---

அனுப்பியவர்: காட்பாடி

அக்கா, அருமை! உடனே எடுத்துக்கொண்டேன். பெரிய சொல் இன்னும் மாட்டவில்லை. ‘வேகத்தணிப்பு’ பரவாயில்லையா?

---

அனுப்பியவர்: குடியாத்தம்

‘தணிப்பு’ ஏற்கத்தக்கது. அரக்கோணத்துக்கு அடுத்த திருத்தணி, முருகன் போர்ச்சினம் தணிந்த இடம், செருத்தணி என்பார்கள். இந்த வட்டாரத்துக்குப் பொருத்தமான சொல்.

‘வேகம்’ வடசொல். அதை ஏற்பதற்கில்லை. தொல்காப்பிய உரியியலில் ‘கதழ்வுந் துனைவும் விரைவின் பொருள’ என்று இருக்கிறது. துனைவுத்தணிப்பு எனலாம். கடினம் என்றால் விரைவுத்தணிப்பு.

---

அனுப்பியவர்: வாலாஜா

துனைவுத்தணிப்பு என்று பலகை வைத்தால் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி என்ன துணி என்று கேட்பார். ஒரு வகையில் வேகம் தணிந்துவிடும், அதை மறுக்கவில்லை.

விரைவு என்றால் விரைவுப் பேருந்து, விரைவு ரயில். நல்ல அர்த்தத்திலேயே பழகிவிட்ட சொல். ‘வேகம்’ என்றால்தான் ‘வேகமா போகாதடா’ என்று அம்மா திட்டுவது காதில் கேட்கும்.

---

அனுப்பியவர்: குடியாத்தம்

பேச்சில் வந்துவிட்டது என்பதற்காகக் கலைச்சொல்லிலும் வந்தாக வேண்டுமா? இன்னொன்றும் எண்ணிப் பார்த்தேன். வே என்பது வெப்பப்பொருள் வேர். வேதல், வேக்காடு, வெம்மை. வெப்பத்துக்கும் விரைவுக்கும் உறவு உண்டு. கடுமை என்பதற்கும் இரு பொருளும் உண்டு. அவ்வழியில் பார்த்தால் வேகமும் தமிழே எனக் கொள்ள இடமிருக்கிறது.

---

அனுப்பியவர்: வாலாஜா

சற்றுமுன் வடசொல். இப்போது தமிழ். ஐயா, ரொம்பத் துனைவாகப் போகிறீர்கள்.

---

அனுப்பியவர்: ஆம்பூர் (குழு நிர்வாகம்)

தம்பி, கிண்டல் போதும். ஐயாவும் வேரை விட்டு மேலே வரவேண்டும். இன்று வியாழன்.

நடைபாதை குடிமக்கள் உரிமை, அது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று. நாம் இன்னும் அதைப் பிளாட்பாரம் என்பதா நடைபாதை என்பதா என்று போன மாத இழையில் முடிக்காமல் விட்டிருக்கிறோம். இதையாவது முடிப்போம். வேகத்தணிப்புக்கு ஒப்புதல் உள்ளவர்கள் ஒரு வரி எழுதுங்கள்.

---

அனுப்பியவர்: சத்துவாச்சாரி

ஒப்புதல். வேகத்தடையின் பெரியண்ணன் என்று மக்களுக்குப் புரியும். அதனோடு குழப்பிக்கொள்வார்கள் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. எனவே கையேட்டின் முதல் பக்கத்திலேயே விளக்கம் போட்டுவிடுங்கள்.

---

அனுப்பியவர்: வாலாஜா

ஒப்புதல்.

---

அனுப்பியவர்: ஆரணி

அரை ஒப்புதல். தணிப்பு என்பது பிறவினை. யாரோ வெளியிலிருந்து தணிக்கிறார்கள் என்றாகிறது. காட்பாடி முதல் மடலில் எழுதியது என்ன? ஓட்டுகிறவர் கால் தானே பிரேக்குக்குப் போகும் என்று. தானே தணிந்தால் அது தன்வினை. வேகத்தணிவு என்பதுதான் சரி.

---

அனுப்பியவர்: குடியாத்தம்

ஆரணி அம்மையார் இலக்கணம் சரி. ஆயினும் தெருதான் தணிக்கிறது, எழுவாய் தெரு. எனவே பிறவினையே பொருந்தும். இதை எழுதும்போதுதான் ஆற்றுப்படுத்தலில் இந்தத் தொல்லையே இல்லை என்று தோன்றுகிறது. தணிப்புக்கு என் வாக்கு இல்லை. பதிவு செய்துகொள்ளவும்.

---

அனுப்பியவர்: காட்பாடி

எல்லாருக்கும் நன்றி. கையேட்டில் ‘வேகத்தணிப்பு’ என்றே வைத்தேன். தலைப்பின் கீழ் ‘வண்டிகள் மெதுவாகப் போகும்படி தெருவை மாற்றி அமைத்தல்’ என்று ஒரு வரி. வாசல்தெரு எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் மாற்றியாயிற்று. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஒன்று மட்டும் அவசரத்தில் என் இஷ்டத்துக்குப் போட்டுவிட்டேன். நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய கடக்குமிடத்துக்கு ‘மேட்டுக்கடவை’. இலங்கையில் பாதசாரிக் கடவை என்பார்களே, அதிலிருந்து எடுத்தது.

---

அனுப்பியவர்: குடியாத்தம்

கடவை நல்ல சொல். ஆனால் மேட்டுக்கடவை என்றால் மேட்டில் உள்ள கடவை. மேடாக்கிய கடவை என்பது அதில் வரவில்லை. மேலும் பாதசாரி வடசொல். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.