புதுப்பிப்பு: ஜெர்மனியில் முதல் குளிர்காலம், படுக்கையறைச் சுவரில் பூஞ்சை (தீர்ந்தது)

குடிவந்த முதல் குளிர்காலத்திலேயே சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்கிறது, வீட்டு உரிமையாளரோ எங்களையே குறை சொல்கிறார், என்ன செய்வது என்று நவம்பரில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஈரப்பதமானி வாங்கி வைத்தேன். காலையில் 74 சதவீதம்! 60-ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது. ஜன்னலை மேல்பக்கம் மட்டும் சாய்த்து நாள் முழுதும் விட்டுவைத்ததுதான் எங்கள் தவறு. அதனால் சுவர் குளிர்ந்ததே தவிர, ஈரம் போகவில்லை. ஹீட்டரை அணைத்து, ஜன்னல்களை அகலத் திறந்து, ஐந்து நிமிடத்தில் மூடிவிடுங்கள், நாளுக்கு மூன்று முறை என்று ஒருவர் எழுதியிருந்தார். பலித்தது அதுதான். இந்த ஊரில் இதற்கு ‘ஷ்டோஸ்லுஃப்டன்’ என்று தனிப் பெயரே இருக்கிறது. உறைகிற குளிரில் ஜன்னலைத் திறப்பதாவது என்று முதலில் சிரித்தவன் நான். வெளியிலுள்ள குளிர்காற்றில் நீராவி குறைவு என்பது பிறகுதான் உறைத்தது. மூன்று வாரத்தில் 55-க்கு இறங்கிவிட்டது. கண்ணாடியில் பனித்துளி இல்லாததால் விரலால் பூனை வரைய முடியவில்லை என்று மகளுக்குத்தான் வருத்தம்.

எதிர்பாராதது அலமாரி. வெளிச்சுவரோடு ஒட்டியிருந்ததை நகர்த்தினால், பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு இன்னொரு திட்டு. கையுறை போட்டு, 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்தேன் (ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அருகில் நெருப்பு கூடாது). இப்போது 10 செ.மீ. இடைவெளி விட்டிருக்கிறோம். துணியையும் அந்த அறையில் உலர்த்துவதில்லை. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் தேவைப்படவில்லை.