நானூறு சதவீதமா, யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள்?

பழைய_ஃபர்னஸ்காரன்: நேற்று ஒருத்தர், இங்கே கனடாவில் மார்க்கம் வீட்டில் புல்தரையைத் துளைத்து நிலவெப்பப் பம்பு போட்டாராம், அது "நானூறு சதவீதம்" வேலை செய்கிறதாம். இருபத்தெட்டு வருடம், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் கழற்றிப் பூட்டியவன் நான். நல்ல கேஸ் ஃபர்னஸே 96, 97 சதவீதம்தான். ஒன்றைப் போட்டு நாலை எடுக்க அது என்ன அட்சயபாத்திரமா?

பேஸ்மென்ட்_வாசி: அண்ணை, எழுதினது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். அது சூட்டை உண்டாக்குவதில்லை, மண்ணிலிருந்து இறைக்கிறது. வெளியே மைனஸ் இருபது என்றாலும் பத்து மீட்டர் ஆழத்தில் மண் 9, 10 டிகிரியில் நிற்கும். கம்ப்ரசருக்கு ஒரு யூனிட் கரண்ட், மண்ணிலிருந்து மூன்று யூனிட் சூடு, ஆக வீட்டுக்குள் நாலு. கிணற்றில் இறைக்கிறவனிடம் போய் இவ்வளவு தண்ணீரையும் நீயா உண்டாக்கினாய் என்று கேட்பீர்களா?

பழைய_ஃபர்னஸ்காரன்: கிணற்றுக் கதை நன்றாக இருக்கிறது. நானூறு சதவீதம் கிடையாது.

அரைகுறை_இன்ஜினியர்: விஞ்ஞானி கெல்வின் 1852-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். நாலு என்பது சிஓபி, அதாவது போட்ட கரண்டுக்கு எத்தனை மடங்கு சூடு கிடைக்கிறது என்ற எண், சதவீதம் இல்லை. அந்த நாலும், மண்ணுக்குள் போய்வரும் குழாயில் 0 டிகிரி திரவம் வரும்போது சோதித்து லேபிளில் ஒட்டினது. பிப்ரவரி கடைசியில் திரவம் அதற்கும் கீழே போனால் எண்ணும் இறங்கும்.

பேஸ்மென்ட்_வாசி: நாலு மடங்கும் நானூறு சதவீதமும் ஒன்றுதானே ஐயா?

பழைய_ஃபர்னஸ்காரன்: பார்த்தீர்களா, இன்ஜினியரே சதவீதம் இல்லை என்கிறார்! நூறைத் தாண்டாது, அவ்வளவுதான்.

அரைகுறை_இன்ஜினியர்: நான் அப்படிச் சொல்லவே இல்லை.

அடையாறு_அக்கா: எங்கள் ஊரில் எவ்வளவு தோண்டினாலும் மண் 28 டிகிரிக்குக் குறையாது, போர் தண்ணீரில் குளித்தாலே தெரியும். கோடையில் ஏசி சூட்டை அதில் கொட்டலாம், சரி. ஆனால் வருடம் முழுக்கக் கொட்டினால் மண்ணும் சூடேறும், திருப்பி எடுக்க இங்கே குளிர்காலம் ஏது?

பழைய_ஃபர்னஸ்காரன்: தங்கச்சி, ஒன்டாரியோ விஷயத்தில் சென்னையை இழுக்க வேண்டாம். தம்பி, உன் ஹைட்ரோ பில்லை, அதுதான் கரண்ட் பில்லை, இங்கே போடு. கேஸ் விற்கிற விலைக்கு நீ துளைத்த காசு உன் பேரன் காலத்தில்தான் திரும்பும்.

பேஸ்மென்ட்_வாசி: ஜனவரி பில் நேற்றே போட்டாயிற்று, படிக்காமலே சண்டைக்கு வருகிறீர்கள். போன விண்டரில் ஸ்னோ டயர் வீண்செலவு என்று இதே வீராப்பில் நின்றீர்கள், அப்புறம் யாருடைய கார் பள்ளத்தில் கிடந்தது?

பழைய_ஃபர்னஸ்காரன்: அது டயரால் இல்லை, பிரேக்கால். துளை போட்ட சேறு உன் வாசலில் இன்னும் சாம்பல் களியாகக் கிடக்கிறதே, அதற்கு எத்தனை சதவீதம்?

அடையாறு_அக்கா: வாசல் வரை பார்த்திருக்கிறார், இவர் பக்கத்து வீடா?

பேஸ்மென்ட்_வாசி: மச்சானுடைய அண்ணை.

பழைய_ஃபர்னஸ்காரன்: உறவு வேறு, கணக்கு வேறு. முதலில் அந்த நானூறை அழி.

பேஸ்மென்ட்_வாசி: அழிக்க மாட்டேன்.