பாஸ் வீடியோவில் சொல்லும் கோடை முறை வன்னிக் குளத்து விராலுக்குச் சரிவருமா?

கல்மடுக்காற்று:
வணக்கம் உறவுகளே. சித்திரை, வைகாசியில விராலுக்கு லூர் (செயற்கை இரை) போடுற முறையைத் திருத்தவேணும். பாஸ் எண்ட அமெரிக்க நன்னீர் மீனைப் பிடிக்கிற வீடியோக்களில ஒரே பாடம்தான்: முட்டையிட்டு முடிஞ்ச மீன் கோடை தொடங்கக் கரையை விட்டு முதல் இறக்கத்துக்குப் போகும், பிறகு 10–20 அடிக்கு இறங்கும், ஆழமாப் போற கிராங்க்பெயிற் (இழுக்க ஆடி ஆடித் தாழுற மீன் வடிவ லூர்) போடு. அதை இரணைமடுவிலயும் வவுனிக்குளத்திலயும் செய்தா பட்டமரக் கட்டையில லூர் கொழுவுறதுதான் மிச்சம்.

சாமான்: ஆறரை அடி மீடியம் றொட், 3000 ஸ்பின்னிங் றீல், 0.35 மில்லிமீற்றர் தங்கூசி (ஒற்றை நைலோன் நூல்), உள்ளே வெறுமையான றப்பர் தவளை. தவளையை மீன் அடிக்குது, ஆனா பத்துத் தரம் அடிச்சா ஏழு தரம் முள் ஏறாமலே போகுது. இடம் எப்பிடிப் பாக்கிறது, சோளகக் காத்துப் பிடிச்சா என்ன செய்யிறது, பின்னேர மழைக்கு அடுத்த நாள் போறதில பிரயோசனம் இருக்கா? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

துருசடி:
தம்பி, வீடியோவில சொல்லுறது அவையின்ர ஏரிக்குச் சரி. லார்ஜ்மவுத் பாஸ் தண்ணி 15–20 பாகை செல்சியசில இருக்கேக்க முட்டையிடும். பிறகு வெயில் ஏற, ஆழமான ஏரியில சூடான மேல்தண்ணியும் குளிர்ந்த அடித்தண்ணியும் தட்டுத் தட்டாப் பிரியும். பாஸ் பூவால (செவுளால) மூச்செடுக்கிற மீன். குளிர்ச்சியும் ஒட்சிசனும் ஒண்டாக் கிடைக்கிற மட்டத்தைத் தேடி இறங்கும்.

விராலுக்கு அந்தத் தேவை இல்லை. பூ இருந்தாலும் மேல வந்து காத்துக் குடிக்காட்டி அது செத்துப்போகும். தண்ணிக்கடியில வலையில சிக்கின விரால் மூச்சடைச்சுச் சாகிறது அதாலதான். தாமரையும் பாசியும் அடைச்சு, விடியப்புறம் ஒட்சிசன் வத்திப்போன முழங்கால் தண்ணியிலயும் அது சுகமா இருக்கும். எங்கட குளங்களும் பரந்து ஆழம் குறைஞ்சவை. காத்து அடிக்கத் தண்ணி கலந்துபோகும், அடியில போய்ப் படுக்க ஒரு குளிர்தட்டு இராது. 20 அடியில கிராங்க்பெயிற் ஓட்டினா ஒரு கெளுத்தி கொழுவினாலும் கொழுவும், விராலைப் பாக்கேலாது.

இங்க கோடைக்கு வெப்பமானி தேவையில்லை, துருசடியில (வயலுக்குத் தண்ணி திறக்கிற மதகடியில) நிக்கிற நீர்மட்டக் கம்பத்தைப் பாத்தாக் காணும். சிறுபோகத்துக்குத் துருசு திறந்த நாளிலயிருந்து மீன்ர இடம் மாறுது. இரணைமடு 36 அடி நிறைஞ்சு நிக்கேக்க விரால் பத்தைக்குள்ளயும் மருதமர வேருக்குள்ளயும் நிக்கும். தண்ணி இறங்க, அந்தப் பத்தையெல்லாம் வெறும் சேறாகும். மீன் மூண்டு இடத்தில போய் நிக்கும்: கட்டுப் போட மண் வெட்டின பழைய கிடங்குகள், கனகராயன் ஆறு முந்தி ஓடின தாழ்வான வாய்க்கால், பிறகு தாமரைக் கூட்டத்தின்ர வெளி விளிம்பு. மூண்டிலயும் தாமரை விளிம்பைத்தான் முதல் பாருங்கோ, கரையில நிண்டு எறிஞ்சாலும் எட்டும்.

பின்னேரம் தண்ணி விளிம்பில ஒரு குச்சி குத்திவிடுங்கோ. விடிய வந்து பாக்கேக்க விளிம்பு ஒரு முழத்துக்கு மேல உள்ள போயிருந்தா தண்ணி கெதியா இறங்குது. அண்டைக்குக் கரைப்பத்தையில மினக்கெடாம வெளி விளிம்புக்கும் கிடங்குக்கும் போங்கோ. குச்சியடியில ஈரம் அப்பிடியே இருந்தா துருசு பூட்டியிருக்கு. வயலுக்கு முறை வைச்சு விடுற தண்ணிக்கு இடையில வாற அந்த நாளில விரால் திரும்பக் கரையோரம் ஏறும், தவளைக்கு அதைவிட நல்ல நாள் இல்லை.

இன்னொண்டு. உந்த வீடியோக்காரர் குளிர்முகம் (குளிர்காத்துத் திரள் வாற முன்விளிம்பு), அமுக்கமானி எண்டு நிறையக் கதைப்பினம். எங்கட பக்கத்தில காற்றமுக்கம் ஒரு நாளைக்கு இரண்டு தரம் தானா ஏறி இறங்கும், அதுவும் இரண்டு மூண்டு மில்லிபார்தான். புயல் வந்தாலொழிய அதைப் பாத்து மீன்பிடிக்கத் திட்டம் போடாதேங்கோ.

பாலியாற்றங்கரை:
காற்றைப் பற்றி. பங்குனி, சித்திரையில் காலை அசையாமல் இருக்கும். வற்றாப்பளைப் பொங்கல் வரும் நாட்களில் சோளகம் பிடித்துவிடும், பிறகு 9 மணிக்கு மேல் தவளையை நினைத்த இடத்தில் போட முடியாது. ஆகவே வைகாசியில் வேலை நேரம் விடிய 5.45 தொடக்கம் 8.30 வரைதான்.

பாஸ் முறையில் காற்று அடிக்கும் கரைக்குப் போகச் சொல்வார்கள். விராலுக்கு அதை அப்படியே எடுக்கக் கூடாது. சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது, அலை வடகிழக்குக் கரையில் மோதும். கட்டு வடக்கே இருக்கும் இரணைமடுவில் அந்த அலை கட்டின் கல்லில் அடித்துத் தண்ணீரைக் கலக்கிவிடும். அங்கே விரால் நிற்காது. ஆனால் அதே காற்று மிதக்கும் சல்வீனியாவையும் ஆகாயத்தாமரையையும் ஒரு மூலையில் கொண்டுபோய் ஒதுக்கும். ஒதுங்கிய பாய் அலையை அமர்த்துவதால் அதன் உட்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். பாய்க்கும் கரைக்கும் இடையில் இரண்டு மூன்று அடி இடைவெளி கிடைத்தால் தவளையைப் பாயின் மேல் விழுத்தி, மெல்ல இழுத்து, அந்த இடைவெளியில் இறக்கி, ஐந்து விநாடி அசைக்காமல் விடுங்கள். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் அடி விழும்.

பாய் இல்லாத குளமென்றால் மரங்களுள்ள தென்மேற்குக் கரைக்கே போங்கள். காற்று முதுகில் இருக்கும், எறிதலும் நீளும். புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் எங்கள் நேர் உச்சியில் நிற்கிறது, நிழல் மரத்தின் காலடியிலேயே விழும். அந்த நேரம் போவதானால் கிளை தண்ணீரின் மேல் கவிந்த இடத்தில் மட்டும் எறியுங்கள்.

துருசடி:
அண்ணை சொன்ன பாய் விசயம் சரி. ஆனா கட்டுக்கல்லை முழுக்கத் தள்ளிவிடேலாது. கலங்கல் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள்ள சின்னக் கெண்டையும் திலாப்பியாக் குஞ்சும் கல்லிடுக்கில ஒதுங்கும், அதைத் தேடி விரால் வரும். தவளை அங்க எடுபடாது. 10 கிராம் வெள்ளை ஸ்பின்னர்பெயிற்றை (சுழலுற தகடு வைச்ச லூர்) கல்லுக்குச் சமாந்தரமா, தகடு அதிர்றது கையில தெரியிற வேகத்தில இழுங்கோ. தண்ணி தேத்தண்ணி நிறத்துக்கு வந்தா விட்டிட்டு வாங்கோ.

பாலியாற்றங்கரை:
அந்த முதல் மணித்தியாலத்தை ஒத்துக்கொள்கிறேன்.

மழைக்கு வருவோம். சித்திரைப் பின்னேர இடிமழைக்கு அடுத்த காலைதான் மாதத்திலேயே நல்ல காலை. குளத்தில் சேரும் சிற்றோடைகளின் வாயைத் தேடுங்கள். புதுத்தண்ணீர் மண்புழுவையும் பூச்சியையும் அடித்து வருகிறது, தவளைகளும் அங்கே கூடுகின்றன. கலங்கல் தண்ணீர் தெளிந்த தண்ணீரைத் தொடும் கோடு கண்ணுக்குத் தெரியும். தெளிந்த பக்கம் நின்று கலங்கலுக்குள் எறிந்து கோட்டைக் கடந்து இழுக்க வேண்டும். அடிக்காவிட்டால் தவளையைக் கழற்றிவிட்டு 4 அங்குல மென்றப்பர் மீன், 4/0 வளைந்த முள், 3.5 கிராம் ஈயம். முள் நுனியை றப்பரின் முதுகில் மறைத்துவிட்டால் பாசி பிடிக்காது. நிறத்தில் அதிகம் மூளையைச் செலவழிக்க வேண்டாம். மங்கலிலும் கலங்கலிலும் கறுப்பு, மற்ற நேரம் தவளைப் பச்சை.

நூல்முடிச்சு:
பத்தில ஏழு ஏறாததுக்குக் காரணம் மீனில்லை, தங்கூசி. 25 மீற்றர் தூரத்தில தங்கூசி இழுபடும். நீங்கள் றொட்டை அடிக்கிற வேகத்தில பாதி அந்த இழுவையிலயே போயிடும். விரால்ர வாய் எலும்பு, மிச்சப் பாதியில முள் ஏறாது. 40 இறாத்தல் பிறெயிட் (இழுபடாத பின்னல் நூல்) சுத்துங்கோ. றீலுக்கு அடியில மட்டும் நாலு சுத்துத் தங்கூசி விட்டாக் காணும், இல்லாட்டி பிறெயிட் ஸ்பூலில வழுக்கும். தவளையில பிறெயிட்டை நேரா பலோமர் முடிச்சாப் போடுங்கோ. இறுக்க முதல் எச்சில் தொட்டு நனைக்கவேணும். மீடியம் றொட்டும் இதுக்கு மெத்து. 7 அடி மீடியம் ஹெவி எடுக்கலாம். காசு இப்ப இல்லையெண்டா முதல் நூலை மாத்துங்கோ, றொட் பிறகு.

தவளையையும் கொஞ்சம் திருத்தவேணும். புதுத் தவளையில இரண்டு முள்ளும் உடம்போட ஒட்டிக்கிடக்கும். குறட்டால ஒவ்வொரு நுனியையும் 2 மில்லிமீற்றர் வெளிப்பக்கம் வளையுங்கோ. கூட வளைச்சா ஒவ்வொரு தாமரை இலையிலயும் கொழுவும். பிறகு விரலால உடம்பை அமத்திப் பாருங்கோ. லேசா அமத்த இரண்டு முள்ளும் வெளியில வரவேணும். வராட்டி றப்பர் தடிப்பு, சுடுதண்ணியில ஒரு நிமிசம் போட்டு எடுத்துப் பிசையுங்கோ. றப்பர் கால் நீளமெண்டா விரால் காலைக் கவ்விக்கொண்டு விட்டிடும், 3 சென்ரிமீற்றர் விட்டு மிச்சத்தை வெட்டுங்கோ. நாலைஞ்சு எறிக்கு ஒருக்கா தவளையைப் பிழிஞ்சு உள்ளுக்கை போன தண்ணியை எடுக்காட்டி பின்பக்கம் தாண்டு முள் பாசியைக் கிண்டும்.

கடைசியா அடிக்கிற நேரம். தண்ணி வெடிச்ச சத்தத்துக்கு இழுத்தா தவளை உங்கட முகத்துக்குத்தான் வரும். றொட் நுனியைத் தண்ணியைப் பாக்கத் தாழ்த்தி, தொய்வைச் சுத்தி எடுத்து, நூல் ஒரு பக்கம் நகருதெண்டு கண்டாப் பிறகு அடியுங்கோ. ஒண்டு, இரண்டு எண்ணுற நேரம். றீல்ர இழுவைத் திருகு முழு இறுக்கம். ஏறினவுடன மீன்ர தலையைத் திருப்பி மேல கொண்டுவாங்கோ, தாமரைத் தண்டில ஒரு சுத்துச் சுத்தினா நூல் தப்பினாலும் மீன் நிக்காது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நுனி ஒரு முழம் நூலை விரலில உருவிப் பாருங்கோ. பல்லுப் பட்டுச் சொரசொரப்பா இருந்தா வெட்டிக் கட்டவேணும்.

கல்மடுக்காற்று:
பெரிய நன்றி. ஒரு கேள்வி. சில இடத்தில சிவப்பா விரால் குஞ்சுக் கூட்டம் மேல வந்து போகுது. அதுக்குள்ள எறிஞ்சா உடன அடி விழும் எண்டு சொல்லுகினம். பாஸ்காரரும் முட்டைப் படுக்கையில எறியினம்தானே?

பாலியாற்றங்கரை:
விழும். காற்றில்லாத தண்ணீரில் ஒரு பாயளவு இடத்தில் மட்டும் மழைத்தூறல் விழுவதுபோல் தெரியும், அதுதான் குஞ்சுகள் மூச்செடுப்பது. தாயும் தகப்பனும் சற்றுக் கீழே நிற்கும். பசியில் அடிப்பதில்லை, காவலுக்கு அடிப்பவை. காவல் போனால் திலாப்பியாவும் கெளுத்தியும் கூட்டத்தை முடித்துவிடும். குஞ்சு சிவப்பு மாறிக் கறுக்கும்வரை அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பாஸ் முட்டையிடும் பருவத்தில் அதைப் பிடிக்கத் தடை அமெரிக்காவின் சில மாநிலங்களிலும் உண்டு. தனி விராலைத் தேடுவதென்றால் குமிழோடு ஒற்றையாக ‘குபுக்’ என்று எழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு மீற்றர் அப்பால் எறிந்து அதன்மேல் இழுங்கள். நேரே தலையில் போட்டால் ஓடிவிடும்.

துருசடி:
போக முதல் குளத்து நன்னீர் மீன்பிடிச் சங்கத்தில ஒரு சொல்லு கேளுங்கோ. அவை குஞ்சு விட்டு வளர்க்கிற குளம், வலை போட்ட இடமும் அவைக்குத்தான் தெரியும். சுண்டிக்குளம் தேசிய பூங்காப் பக்கம் றொட்டோட போகாதேங்கோ.

தண்ணி குறையக் குறைய முதலையும் மிஞ்சின கிடங்குக்குத்தான் வரும், விரால் நிக்கிற அதே கிடங்கு. கால் நனைக்கவேண்டாம், விளிம்பிலயிருந்து இரண்டு மூண்டு மீற்றர் தள்ளி நிண்டு எறியுங்கோ, மீனைக் கரையில வைச்சுக் கழுவிக் குடலைத் தண்ணியில எறியாதேங்கோ. மின்னலுக்கும் இடிக்கும் இடையில 30 எண்ண முதல் சத்தம் கேட்டா றொட்டைக் கீழ வைச்சிட்டுக் கட்டை விட்டு இறங்குங்கோ. கார்பன் றொட் மின்னலைக் கடத்தும், தனி மருதுக்குக் கீழ ஒதுங்கவும் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் போகாமத் திரும்ப ஏறவேண்டாம். பொழுதுபட முதல் வெளிக்கிடுங்கோ, அந்த நேரம் யானை தண்ணிக்கு வாற வழி கட்டடிதான்.