‘வாவ்’ என்ற வியப்புச் சொல் எங்கிருந்து வந்தது?

காங்கேயத்தான்:
நெடுநாள் வறண்டு கிடந்த எங்கள் தோட்டத்துக் கிணற்றில், அண்மையில் பெய்த பெருமழைக்குப் பின் மேல்படி வரை தண்ணீர் ஏறியிருந்தது. எட்டிப் பார்த்த என் மகள் “வாவ்” என்றாள். அவளுக்குப் பின்னால் ஊன்றுகோலுடன் வந்து நின்ற அவளுடைய அம்மிச்சி (அம்மாவின் அம்மா) “அடேங்கப்பா” என்றார். பிறகு அம்மிச்சி, “அதென்ன கண்ணு வாவு? அதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டபோது மகளுக்கும் விடை தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இது எந்தச் சொல்லின் சிதைவு? ‘கோஷ்’, ‘ஜீஸ்’ என்பனவும் இதே இனத்தைச் சேர்ந்தவைதாமா? அறிந்தவர்கள் விளக்குமாறு வேண்டுகிறேன்.

பவானிக்கரை:
வணக்கம் ஐயா. ‘வாவ்’ எந்தச் சொல்லின் சிதைவும் அன்று. வியக்கும்போது வாய் திறந்து குவிகையில் தானாக எழும் ஒலியே சொல்லாகிவிட்டது. அமெரிக்கர்கள் உருவாக்கிய புதுச்சொல் என்று பலரும் எண்ணுகிறார்கள், ஆனால் அது ஸ்காட்லாந்தின் பழஞ்சொல். வர்ஜிலின் இலத்தீன் காப்பியத்தை கேவின் டக்ளஸ் ஸ்காட்ஸ் மொழியில் பெயர்த்து 1513-இல் முடித்தார். அந்நூலிலேயே இச்சொல் வருகிறது. 1791-இல் ராபர்ட் பர்ன்ஸ் வெளியிட்ட கதைப்பாடலில், குடித்துவிட்டு நள்ளிரவில் குதிரையேறி வீடு திரும்பும் ஒருவன் பாழடைந்த தேவாலயத்துக்குள் சூனியக்காரிகள் ஆடுவதைக் காணும் இடத்திலும் இதுவே ஒலிக்கிறது. அமெரிக்கர்கள் 20-ஆம் நூற்றாண்டில் அதைப் பெயராகவும் வினையாகவும் ஆக்கி உலகெங்கும் பரப்பினார்கள். 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓஹாயோவில் ஒரு வானொலித் தொலைநோக்கி, விண்ணிலிருந்து 72 விநாடிகள் நீடித்த வலுவான சமிக்ஞையைப் பதிவு செய்தது. சில நாள் கழித்து அச்சுத்தாளைப் பார்த்த ஜெரி எமன் என்ற வானியலாளர், அந்தக் குறிகளைச் சுற்றிக் கோடிட்டு ஓரத்தில் ‘வாவ்’ என்றுதான் எழுதினார். அந்தச் சமிக்ஞைக்கு இன்றளவும் அதுவே பெயர்.

நொய்யலாள்:
‘கோஷ்’, ‘ஜீஸ்’ இரண்டும் வேறு இனம். கடவுளின் பெயரை வீணாக உச்சரிக்கலாகாது என்பது விவிலியக் கட்டளைகளுள் ஒன்று. இங்கிலாந்தில் 1606-இல் இயற்றப்பட்ட சட்டம், நாடக மேடையில் அப்பெயரை விளையாட்டாகச் சொன்னால் 10 பவுண்டு தண்டம் விதித்தது. வாய்ப் பழக்கத்தை விடவும் முடியாமல், பாவத்துக்கும் அஞ்சி, மக்கள் பெயரின் கடைசியைத் திரித்துக்கொண்டார்கள். ‘காட்’ என்பது ‘கோஷ்’ ஆயிற்று, ‘ஜீசஸ்’ என்பது ‘ஜீஸ்’ ஆயிற்று. ‘ப்ளைமி’ என்ற ஆங்கில வியப்புச் சொல்லுக்குள், கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும் என்ற முழு ஆணையே சுருங்கிக் கிடக்கிறது. நம் ஊரில் “அட சாமி”, “முருகா” என்று வாய் நிறையச் சொல்கிறோம். திடுக்கிட்டால் தெய்வத்தை அழைப்பது நமக்குப் பிழையாகத் தோன்றுவதில்லை, ஆகவே மறைக்கும் தேவையும் எழவில்லை.

சென்னிமலை வாசகர்:
அம்மிச்சி சொன்னதையும் பார்க்க வேண்டும். ‘அடேங்கப்பா’ என்பது ‘அடே எங்கள் அப்பா’ என்று பிரியும். ‘வாவ்’ போல வெறும் ஒலியன்று, பெற்றவரை விளிக்கும் சொல். தொல்காப்பியர் வியப்பை ‘மருட்கை’ என்று எட்டு மெய்ப்பாடுகளுள் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளுள்) ஒன்றாக வைத்து, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கினால் பிறக்கும் என்கிறார். சிறுமையைக் கண்டும் வியப்புப் பிறக்கும் என்று அவர் கண்டது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆக்கம் என்பது ஒன்று மற்றொன்றாக மாறுதல்.

காங்கேயத்தான்:
மூவருக்கும் நன்றி. படித்துக் காட்டியதும் அம்மிச்சி நான்கையும் திரும்பச் சொல்லச் சொன்னார். மகள் அந்தக் கிணற்றில் அவ்வளவு நீரை அதற்கு முன் கண்டதேயில்லை, அவளுடையது புதுமை. அது நிறைந்திருந்த காலத்தையும் வற்றிப் பாறை தெரிந்த காலத்தையும் பார்த்தவர் அம்மிச்சி. “என்னுது கடைசியா சொன்னதுங்க மாப்ள” என்றார்.