அப்பாவுக்கு வந்த ரீஃபண்ட் மெயில் உண்மையா?

செல்வி:
வணக்கம். அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன் போட்டார், ரீஃபண்டுக்காகக் காத்திருக்கிறார். நேற்று ஆங்கிலத்தில் ஒரு மெயில். சாரம் இதுதான்: "அன்பான வரி செலுத்துநரே, உங்களுக்கு ரூ.15,490 ஒப்புதலாகிவிட்டது. வங்கிக் கணக்கு எண் பொருந்தாததால் நிற்கிறது. 24 மணி நேரத்துக்குள் கீழே உள்ள லிங்க்கில் சரிபார்க்காவிட்டால் தொகை ரத்தாகும்." முத்திரை இருக்கிறது, எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதனால் உண்மை என்று சாதிக்கிறார். எப்படிப் புரியவைப்பது?

ராம்கி:
போலிதான். லிங்க்கைத் தொட வேண்டாம். அனுப்பியவர் பெயரைத் தட்டினால் முழு முகவரி தெரியும். கவ் டாட் இன் (gov.in) என்று முடிகிறதா பாருங்கள்.

செல்வி:
பெயர் மட்டும் வருமான வரித் துறை. முகவரி ஏதோ கம்பெனியுடையது, டாட் காம்.

மீனாட்சிசுந்தரம்:
பிழையை வைத்துப் போலியைக் கண்டுபிடிப்பது எல்லா மெயிலுக்கும் சரிவராது அம்மா. பெரும் பணம் தருவதாக ஆசைகாட்டும் 'நைஜீரியா இளவரசர்' மோசடிக் கடிதங்கள் ஏன் நம்ப முடியாத கதையாகவே வருகின்றன என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012இல் விளக்கினார். சந்தேகப்படுகிறவர்கள் ஆரம்பத்திலேயே விலகிவிட்டால், வாரக்கணக்கில் பேசிப் பணம் கறப்பவனுக்கு நேரம் மிச்சம். உங்கள் அப்பாவுக்கு வந்தது வேறு ரகம். பேச்சுவார்த்தையே கிடையாது, ஒரே படிவத்தில் வேலை முடிந்துவிடும். எல்லோரும் நம்ப வேண்டும் என்பதால் சுத்தமாக எழுதியிருக்கிறார்கள்.

வரிகளைப் பாருங்கள். 'ஒப்புதலாகிவிட்டது' என்றதுமே பணம் நம்முடையதாகிவிடுகிறது. இனி அதை விட்டுவிட மனம் வராது. 15,000 என்று முழுசாகப் போடாமல் 15,490 என்று போட்டதால் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்ட மாதிரி இருக்கிறது. 'பொருந்தவில்லை' என்பதில் குற்றச்சாட்டு இல்லை, சின்னத் திருத்தம்தானே என்று தோன்றும். கடைசியில் 24 மணி நேரம். எனக்கு ஆத்திரம் வருவது இந்த வரியில்தான். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்ற நினைப்பு வருவதற்குள் வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள்.

நிஜத்தில், கணக்கு எண் தவறி ரீஃபண்ட் திரும்பிப் போனாலும் ஒரே நாளில் ரத்தாகாது. வருமான வரித் துறையின் போர்ட்டலில் நாமே உள்ளே போய் மறுபடி அனுப்பக் கோரலாம். கார்டு எண், பின், ஓடிபி எதையும் துறை மெயிலில் கேட்காது.

அப்பாவிடம் 'ஏமாறப் பார்த்தீர்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ரீஃபண்டுக்கு ஊரே காத்திருக்கும் நேரம் பார்த்து அனுப்புகிறார்கள், யாருக்கும் நம்பத் தோன்றும். ஆசிரியர் அல்லவா, மெயிலை அச்செடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு வரியும் தன்னை என்ன செய்யச் சொல்கிறது என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

செல்வி:
நன்றி ஐயா. போர்ட்டலில் பார்த்தோம், ரிட்டர்ன் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. ஆனால் இப்போதுதான் சொல்கிறார், காலையிலேயே அந்தப் பக்கத்தில் டெபிட் கார்டு எண்ணும் சிவிவியும் போட்டாராம். ஓடிபி வந்ததும் பயந்து மூடிவிட்டார். பணம் போகவில்லை.

ராம்கி:
உடனே கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு பிளாக் செய்யுங்கள். ஓடிபி தரவில்லை என்று விட்டுவிட வேண்டாம், சில வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி இல்லாமலே பணம் எடுக்க முடியும். நெட்பேங்கிங் பாஸ்வேர்டும் போட்டிருந்தால் மாற்றுங்கள். பணம் போனால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். மெயிலை அழிக்காதீர்கள், புகாருக்கு வேண்டும்.

செல்வி:
பிளாக் செய்தாயிற்று. புது கார்டுக்கும் சொல்லிவிட்டோம். அப்பா மெயிலை அச்செடுக்கச் சொல்கிறார்.